வானம் போட்ட இரைச்சல்

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச்சைத் தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை. செயலாளரிடம் சொல்லி அவர் வீட்டு டிவி ரிமோட்டைக் கொண்டுவரச் செய்திருக்கிறேன். அவர் வீட்டில் இன்று யாருக்கும் சீரியல் இல்லை. முன்வரிசையில் இருக்கிற தம்பி, உங்கள் போனில் செல்ஃபி கேமராவைத் திறந்து இப்படிப் பிடியுங்கள். ரிமோட்டின் முனையை அதற்கு நேரே காட்டி ஒரு பொத்தானை அழுத்துகிறேன். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, சரிதானே? இப்போது திரையைப் பாருங்கள். வெளிர் ஊதாவாக ஒரு புள்ளி மினுக் மினுக்கென்று எரிகிறது. பின்பக்கக் கேமராவில் பல போன்களில் இது தெரியாது. இந்த ஒளியைத் தடுக்கிற வடிகட்டி அங்கே கொஞ்சம் பலமாக இருக்கும்.

நீங்கள் பார்த்தது அகச்சிவப்புக் கதிர். அப்படி ஒன்று இருப்பதே 1800 வரை யாருக்கும் தெரியாது. அதைக் கண்டவர் வில்லியம் ஹெர்ஷல். பிழைப்புக்கு இசைக் கலைஞர், தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். 1781இல் இங்கிலாந்தின் பாத் நகரில், தன் வீட்டுத் தோட்டத்தில் நின்றபடி யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தவரும் இவரே. சூரியனைத் தொலைநோக்கியில் பார்க்க வண்ணக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் பொருத்தியபோது அவருக்கு ஒரு சிக்கல். சில கண்ணாடிகள் வெளிச்சத்தை நன்றாகக் குறைத்தன, ஆனால் கண் சுட்டது. வேறு சிலவற்றில் வெளிச்சம் அதிகம், சூடு இல்லை. எரிச்சலோடு கண்ணாடியைத் தூக்கிப் போட்டிருக்கலாம். அவர் ஒரு பட்டகத்தை வைத்து வெயிலை வண்ணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வண்ணத்திலும் வெப்பமானியை வைத்தார். ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கிப் போகப் போகச் சூடு ஏறியது. சிவப்பைத் தாண்டி, வெறும் இருட்டாகத் தெரிந்த இடத்தில் வைத்த வெப்பமானி எல்லாவற்றையும்விட அதிகமாக ஏறிவிட்டது. நாம் தினமும் சானல் மாற்றுவது அந்த இருட்டில் இருந்த ஒளியைக் கொண்டுதான்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. வீட்டுக்குள் இருக்கிற கருவிகளின் கதையையும் இரவு வானத்தின் கதையையும் நாம் தனித்தனியாகப் படிக்கிறோம். இரண்டும் சந்தித்த இடங்களைப் பார்த்தால், பெரும்பாலும் நடுவில் ஒரு தொந்தரவு நிற்கிறது. சூடு, கரகரப்பு, இரைச்சல், புறா எச்சம். வேலைக்கு இடைஞ்சல் என்று நினைத்ததை ஒருவர் விடாமல் துரத்திக்கொண்டு போனார், அது அவரை வானத்தில் கொண்டுபோய் விட்டது.

ரிமோட்டை வைத்தே இன்னொன்று சொல்லிவிடுகிறேன். 1955இல் ஜெனித் நிறுவனம் கம்பியில்லாத முதல் டிவி ரிமோட்டை விற்றது. பெயர் ஃப்ளாஷ்மேட்டிக், உருவாக்கியவர் யூஜின் பாலி. அது ஒரு டார்ச் லைட்தான். டிவியின் நான்கு மூலைகளிலும் ஒளியை உணரும் செல்கள். ஒரு மூலையில் வெளிச்சம் அடித்தால் சானல் மாறும், இன்னொன்றில் அடித்தால் சத்தம் நிற்கும். வந்தது வினை. ஜன்னல் வழியே வெயில் விழுந்தாலும் டிவி தானாக இயங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே ராபர்ட் அட்லர் ஒளியை விட்டுவிட்டு, காதுக்குக் கேட்காத ஒலியால் இயங்கும் ரிமோட்டைச் செய்தார். அதற்கு பேட்டரிகூடக் கிடையாது. பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தி அலுமினியக் கம்பியைத் தட்டும், அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான ஆளிடம் வருவோம். கார்ல் ஜான்ஸ்கி. 1928இல் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது வயது 22.

அதற்கு முந்தைய ஆண்டுதான் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே ரேடியோ அலை வழியாகத் தொலைபேசிச் சேவை தொடங்கியிருந்தது. 3 நிமிடம் பேச 75 டாலர். அவ்வளவு பணம் கட்டிப் பேசுகிறவர் காதில் கரகர என்று சத்தம் கேட்டால் சும்மா இருப்பாரா? அந்தக் கரகரப்பு எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் ஜான்ஸ்கியின் வேலை. நியூஜெர்சியில் ஹோம்டெல் என்ற ஊரில், ஒரு வயலில், கம்பிகளும் மரச்சட்டங்களும் கொண்டு சுமார் 30 மீட்டர் நீளத்துக்கு ஓர் ஆண்டெனா கட்டினார். அது எல்லாத் திசையையும் பார்க்க வேண்டும் என்பதற்காக ஃபோர்டு மாடல் டி காரின் நான்கு சக்கரங்களைக் கீழே பூட்டி, வட்டப் பாதையில் ஓட விட்டார். 20 நிமிடத்துக்கு ஒரு சுற்று. கூட வேலை பார்த்தவர்கள் அதை ஜான்ஸ்கியின் ராட்டினம் என்றார்கள்.

மாதக்கணக்கில் பதிவு செய்தார். சத்தம் மூன்று வகையாகப் பிரிந்தது. பக்கத்து ஊர் இடி மின்னல் ஒன்று. தொலைதூரத்து இடி மின்னல் ஒன்று. மூன்றாவது, எதிலும் சேராத, மெல்லிய, நிற்காத ஒரு ‘ஸ்ஸ்’. பொறியாளராகப் பார்த்தால் அதை விட்டுவிடலாம். தொலைபேசிப் பேச்சைக் கெடுக்கிற அளவுக்கு அது பெரிதில்லை. ஜான்ஸ்கி விடவில்லை.

முதலில் அவர் சூரியனைத்தான் சந்தேகப்பட்டார். 1931 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் அந்த ஓசை உச்சத்துக்கு வந்த திசையும் சூரியன் இருந்த திசையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. ஆனால் நாளாக ஆக இரண்டும் பிரிந்தன. சூரியன் வருவதற்கு முன்பே ஓசை வந்து போனது. தினமும் 4 நிமிடம் முன்னதாக. அதாவது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்ல, 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை அது உச்சத்துக்கு வந்தது.

இந்த 4 நிமிடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பூமி தன்னைத்தானே ஒரு முழுச் சுற்று சுற்ற 24 மணி நேரம் ஆகிறது என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். சரியாகச் சொன்னால் 23 மணி 56 நிமிடம் 4 நொடிதான். ஆனால் ஒரு சுற்று முடிவதற்குள் பூமி சூரியனைச் சுற்றும் பாதையிலும் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. அதனால் சூரியனை மறுபடி உச்சியில் பார்க்க இன்னும் சுமார் 4 நிமிடம் கூடுதலாகத் திரும்ப வேண்டியிருக்கிறது. நட்சத்திரங்களுக்கு அந்தக் கூடுதல் தேவையில்லை. எனவே 23 மணி 56 நிமிடக் கணக்கில் வருகிற எதுவும் சூரிய மண்டலத்துக்கு வெளியே, நட்சத்திரங்களோடு சேர்ந்தது. 4 நிமிடம் என்பது மாதத்துக்கு 2 மணி நேரம், ஆண்டுக்கு ஒரு முழு நாள்.

ஓராண்டுப் பதிவுகளைக் கூட்டிப் பார்த்து, ஓசை வரும் இடத்தை ஜான்ஸ்கி குறித்தார். தனுசு ராசி. நம் பால்வீதியின் மையம் இருக்கிற திசை. மார்கழியில் சூரியன் தனுசு ராசியில் இருக்கும் என்பது பஞ்சாங்கம் புரட்டுகிற எந்தப் பாட்டிக்கும் தெரியும். டிசம்பரிலும் ஜனவரியிலும் ஜான்ஸ்கிக்குச் சூரியன்மேல் சந்தேகம் வந்ததற்குக் காரணம் அதுதான். மூல நட்சத்திரத்துக்கும் பூராடத்துக்கும் இடையே எங்கள் ஊர் ஆடி, ஆவணி இரவுகளில் தென்வானத்தில் தெரியும் அந்தப் பகுதியிலிருந்துதான் நியூயார்க் வியாபாரியின் தொலைபேசிக்குள் சத்தம் வந்துகொண்டிருந்தது.

1933 மே 5ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. அப்புறம்? ஒன்றும் இல்லை. நிறுவனத்துக்கு வேண்டிய விடை கிடைத்துவிட்டது: இந்தச் சத்தத்தை நிறுத்த முடியாது. ஜான்ஸ்கிக்கு வேறு வேலை கொடுத்தார்கள். வானியலாளர்களுக்கு ரேடியோ புரியவில்லை, ரேடியோப் பொறியாளர்களுக்கு வானியல் வேண்டியிருக்கவில்லை. 1950இல், 44 வயதில், அவர் காலமானார். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலையின் வலிமையை அளக்கும் அலகுக்கு இன்று அவர் பெயர்.

யாரும் கண்டுகொள்ளாத அந்த ஆண்டுகளில் அவரை நம்பியது குரோட் ரீபர் என்ற இளைஞர் மட்டும்தான் என்று சொல்லலாம். இல்லினாய் மாநிலத்தில் வீட்டன் என்ற ஊரில், வீட்டை ஒட்டிய காலியிடத்தில், 1937இல் சொந்தப் பணத்தைப் போட்டு சுமார் 9.5 மீட்டர் அகலத்துக்கு ஒரு கிண்ண ஆண்டெனாவைத் தானே கட்டினார். பகலில் வேலை, நள்ளிரவுக்குப் பிறகு வானம். பகலில் ஏன் பார்க்கவில்லை என்றால், தெருவில் போகும் கார்களின் தீப்பொறிச் சத்தம் கருவியில் ஏறிவிடும். ரேடியோ வானத்துக்கு முதல் வரைபடம் போட்டவர் இவர். எந்தப் பல்கலைக்கழகமும் அனுப்பியவர் அல்ல.

ஹோம்டெல்லுக்குத் திரும்புவோம். ஊர் அதே ஊர், நிறுவனம் அதே நிறுவனம், ஆண்டு 1964. எக்கோ என்ற செயற்கைக்கோளின் சமிக்ஞையைப் பிடிப்பதற்காகக் கட்டிய பெரிய கொம்பு வடிவ ஆண்டெனா ஒன்று சும்மா இருந்தது. ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் என்ற இருவர் அதை வானியலுக்குப் பயன்படுத்த முனைந்தார்கள். எந்தத் திசையில் திருப்பினாலும், எந்த நேரத்தில் பார்த்தாலும், எந்த மாதத்தில் பார்த்தாலும் ஒரே அளவில் ஓர் இரைச்சல். மாநகரத்துச் சத்தமா? நியூயார்க் பக்கம் திருப்பிப் பார்த்தார்கள், இல்லை. இணைப்புகளையெல்லாம் உலோகப் பட்டை போட்டு ஒட்டினார்கள், போகவில்லை. கொம்புக்குள்ளே ஒரு ஜோடி புறா கூடு கட்டி, உட்புறமெல்லாம் எச்சமிட்டிருந்தது. அதுதான் காரணம் என்று தேய்த்துக் கழுவினார்கள். புறாக்களைப் பிடித்துப் பெட்டியில் போட்டு வேறு ஊருக்கு அனுப்பினார்கள். புறா ஆயிற்றே, இரண்டொரு நாளில் திரும்பி வந்துவிட்டது. கடைசியில் அவற்றைச் சுட்டுவிட்டார்கள். இரைச்சல் மட்டும் அப்படியே இருந்தது.

சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டிக்கியும் அவர் குழுவினரும் அதே இரைச்சலைத் தேடுவதற்காகவே ஒரு கருவியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெருவெடிப்பு உண்மையானால் அதன் பழைய வெப்பம் குளிர்ந்துபோய் இன்றும் வானமெங்கும் பரவியிருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. தொலைபேசியில் பென்சியாஸ் விவரம் கேட்டபோது, போட்டி முடிந்துவிட்டது என்று டிக்கிக்குப் புரிந்துவிட்டது. தேடியவர்களுக்குக் கிடைக்கவில்லை, கழுவித் தொலைக்க நினைத்தவர்களுக்கு 1978இல் நோபல் பரிசு. டிக்கிக்கும் அதில் பங்கு தந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அந்த வெப்பத்தின் அளவு இன்று 2.725 கெல்வின். பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டுகள். அந்த வெப்பம் ஒளியாகப் புறப்பட்டபோது பிரபஞ்சத்துக்குச் சுமார் 3,80,000 வயதுதான். இந்த மண்டபத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில், ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் அந்தப் பழைய ஒளியின் துகள்கள் சுமார் 400 இருக்கின்றன. இங்கே நரைத்த தலைகள் நிறையத் தெரிகின்றன, அதனால் சொல்கிறேன். தூர்தர்ஷன் காலத்தில் மொட்டை மாடியில் ஒருவர் ஆண்டெனாவைத் திருப்ப, கீழேயிருந்து இன்னொருவர் “தெரியல, தெரியல” என்று கத்துவாரே, அப்போது திரையில் ஓடிய புள்ளிக்கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்கு போல இந்த ஒளியும் இருந்தது. அனேகமாக எல்லோரும் பிரபஞ்சத்தின் பிறப்பைப் பார்த்துச் சலித்துக்கொண்டவர்கள்தான்.

வானம் வீட்டுக்குள் வந்த கதை போதும், வீடு வானத்துக்குப் போன கதை ஒன்று கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்ற ஊரில் 64 மீட்டர் அகல ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 1969இல் நிலவில் மனிதன் இறங்கிய காட்சியை உலகத்துக்கு வாங்கித் தந்த தொலைநோக்கிகளில் ஒன்று. 1998 முதல் அதில் அவ்வப்போது விசித்திரமான சிறு துடிப்புகள் பதிவாயின. 2007இல் அதே தொலைநோக்கியின் பழைய பதிவுகளில் இன்னொரு துடிப்பு கண்டுபிடிக்கப்பட்டது. 2001இல் பதிவானது, 5 மில்லி நொடிக்கும் குறைவானது, நம் பால்வீதிக்கு வெகு அப்பாலிருந்து வந்தது போலத் தோன்றியது. டங்கன் லோரிமரின் குழு அதை வெளியிட்ட பிறகு, அதுவும் அந்த விசித்திரத் துடிப்புகளைப் போலப் பூமியிலேயே கிளம்பியதாக இருக்குமோ என்று பலர் சந்தேகப்பட்டார்கள். 2015இல் எமிலி பெட்ராஃப் என்ற ஆய்வு மாணவியும் உடனிருந்தவர்களும் குற்றவாளியைப் பிடித்தார்கள். ஆய்வகத்தின் மைக்ரோவேவ் அடுப்பு! சாப்பாடு சூடாகி மணி அடிக்கும்வரை பொறுக்காமல் யாரோ கதவைத் திறக்கிறார்கள். உள்ளே அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் அணைகிற அந்தக் கணத்தில் ஒரு துடிப்பு வெளியே கசிகிறது. தொலைநோக்கி தோதான திசையில் திரும்பியிருந்தால் அது பதிவாகிவிடுகிறது. 17 ஆண்டு மர்மத்துக்குக் காரணம் ஒருவருடைய பசி. ஆனால் லோரிமரின் துடிப்பு அடுப்பிலிருந்து வந்ததல்ல, உண்மையாகவே வானத்திலிருந்து வந்தது. அந்த வகைத் துடிப்புகளை இன்று உலகம் முழுவதும் ஆராய்கிறார்கள்.

அந்த அடுப்பே ஒரு தொந்தரவில் பிறந்ததுதான். 1945இல் ரேடார் மேக்னட்ரான் அருகே நின்ற பெர்சி ஸ்பென்சரின் சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகிவிட்டது. 1947இல் வந்த முதல் அடுப்பு ஆள் உயரம், எடை சுமார் 340 கிலோ. அது கிடக்கட்டும். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது வீட்டில் வைஃபை திணறுவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்திலேயே குடியிருக்கின்றன. அடுப்பு போன்ற கருவிகள் கசியவிடும் பட்டை என்பதால் அதைச் செய்தித் தொடர்புக்கு யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1985இல் அமெரிக்க அரசு அதை உரிமம் இல்லாமல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. புறம்போக்கு நிலத்தில் ஊர் எழும்பியது போல அங்கே வைஃபையும் புளூடூத்தும் எழுந்தன.

வைஃபைக்குள்ளும் வானம் உண்டு. சிறிய கருந்துளைகள் ஆவியாகி வெடிக்கும் என்று ஸ்டீபன் ஹாக்கிங் 1974இல் சொன்னார். அந்த வெடிப்பின் ரேடியோ துடிப்பைத் தேடினார் ஜான் ஓசுல்லிவன் என்ற ஆஸ்திரேலியர். விண்வெளியில் பயணம் செய்து குழம்பி வரும் துடிப்பைக் கணக்குப் போட்டுத் தெளிவாக்க வேண்டும். கருந்துளை வெடிப்பு ஒன்றுகூட அகப்படவில்லை. கணக்கு மட்டும் மிஞ்சியது. ஒரு வீட்டு அறைக்குள் ரேடியோ அலை சுவர், பீரோ, நாற்காலி எல்லாவற்றிலும் பட்டுத் தெறித்து, எதிரொலிகளாகக் குழம்பி வரும். 1990களில் ஆஸ்திரேலிய அரசின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வகத்தில் அவரும் சகாக்களும் அந்தக் குழப்பத்தைத் தீர்க்க அதே வகைக் கணிதத்தைப் பயன்படுத்தினார்கள். 1996இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. வழக்குப் போட்டு, பெரிய பெரிய நிறுவனங்களிடமிருந்து 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் வசூலித்துவிட்டார்கள். இதைக் கேட்டுவிட்டு வைஃபையைக் கண்டுபிடித்தவர் ஓசுல்லிவன் என்று யாரும் ஸ்டேட்டஸ் போட்டுவிடாதீர்கள். பலர் கை வைத்த பண்டம் அது. ஒரு முக்கியமான முடிச்சை அவிழ்த்தவர் அவர். நடிகை ஹெடி லமார் வைஃபையைக் கண்டுபிடித்தார் என்பதும் அப்படித்தான். அவரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தீலும் 1942இல் பெற்ற காப்புரிமை, பியானோவின் 88 கட்டைகள் போல 88 அலைவரிசைகளில் தாவித் தாவிப் போகும் சமிக்ஞைக்கு. அழகான யோசனை, ஆனால் அது வைஃபை அல்ல.

கட்டுக்கதை என்று வந்துவிட்டதால் இதையும் முடித்துவிடுகிறேன். டெஃப்லானும் வெல்க்ரோவும் நாசா தந்தவை என்று வாட்ஸ்அப்பில் வரும். டெஃப்லான் 1938இல் வந்தது, வெல்க்ரோவுக்கு 1950களிலேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். நாசா தொடங்கியதே 1958இல்தான். ஆனால் நாசா தந்ததாக யாரும் ஃபார்வர்டு செய்யாத ஒன்று, சற்று முன் அந்தத் தம்பி ரிமோட் முன்னால் பிடித்த போனுக்குள் இருக்கிறது. விண்கலங்களுக்குச் சின்னதாக, குறைந்த மின்சாரத்தில் ஓடும் கேமரா வேண்டும் என்று 1990களில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபாசம் குழுவினர் உருவாக்கிய உணரிச் சில்லின் வழித்தோன்றல்தான் இன்று எல்லோர் கையிலும் இருப்பது.

ஆட்டோ ஓட்டுநர் வழி பார்க்கிற மேப்புக்கு வருவோம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒரு சுற்றுக்கு 11 மணி 58 நிமிடம். இரண்டு சுற்றுக்கு எவ்வளவு? 23 மணி 56 நிமிடம். ஜான்ஸ்கியின் கணக்கேதான். அவை வேகமாக ஓடுவதால் அவற்றின் கடிகாரம் நாளுக்கு 7 மைக்ரோ நொடி பின்தங்கும். பூமியின் ஈர்ப்பு அங்கே குறைவு என்பதால் 45 மைக்ரோ நொடி முந்தும். கழித்தால் 38 மைக்ரோ நொடி முந்துகிறது. இரண்டும் ஐன்ஸ்டைன் சொன்னவை. இதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 10 கிலோமீட்டருக்கு மேல் பிழை சேரும்.

பொறியாளர்கள் சிலருக்கு இதில் முழு நம்பிக்கை இருக்கவில்லை. அதனால் 1977 ஜூனில் ஏவிய சோதனைச் செயற்கைக்கோளில் திருத்தக் கருவியை வைத்து, அதை இயக்காமலே அனுப்பினார்கள். தேவைப்பட்டால் தரையிலிருந்து இயக்கிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. 20 நாள் கவனித்தார்கள். கடிகாரம் ஐன்ஸ்டைன் சொன்னபடியே முந்தியது, வித்தியாசம் நூற்றில் ஒன்று அளவுதான். கருவியை இயக்கிவிட்டார்கள். இப்போதெல்லாம் கடிகாரத்தைத் தரையிலேயே துளி மெதுவாக வைத்து அனுப்புகிறார்கள். மேலே போனதும் சரியாகிவிடும்.

இன்னும் ஒன்று உண்டு. பூமியின் சுழற்சி ஒரே சீராக இல்லை, நொடியின் சிறு பின்னங்களில் ஏறி இறங்குகிறது. அதை அளக்காமல் ஜிபிஎஸ் துல்லியமாக இயங்காது. அளக்க வேண்டுமென்றால் ஆடாத அசையாத ஓர் அடையாளக் கல் வேண்டும். அது பூமியில் கிடையாது. பல நூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் குவாசர்கள் என்ற ரேடியோ மூலங்களைத்தான் ரேடியோ தொலைநோக்கிகளால் பார்த்துப் பார்த்து அளக்கிறார்கள். முட்டுச்சந்தில் போய் நின்ற ஆட்டோவுக்குக்கூடக் குவாசர் சாட்சி.

அந்த மாதிரி ரேடியோ மூலங்களைத் துல்லியமாக அளக்கவென்று கட்டிய கருவி ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஊட்டி அருகே முத்தோரையில். கோவிந்த் ஸ்வரூப் என்பவர் ஆஸ்திரேலியாவில் பயிற்சி பெற்றவர். அங்கே வேண்டாம் என்று கழித்துக்கட்ட இருந்த 1.8 மீட்டர் கிண்ணங்கள் 32ஐ இந்தியாவுக்குக் கேட்டு வாங்கினார். மும்பை அருகே கல்யாணில் அவற்றை வைத்து 1965இல் முதல் தொலைநோக்கி அமைத்தார். பிறகு அவர் செய்தது துணிச்சலான வேலை. ஊட்டி இருப்பது வடக்கே சுமார் 11 டிகிரி அட்சரேகையில். வடக்கு தெற்காக அதே 11 டிகிரி சரிவுள்ள மலைச்சரிவு ஒன்றைத் தேடிப் பிடித்து, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் அதன்மேலேயே தொலைநோக்கியைக் கிடத்தினார். சரிவும் அட்சரேகையும் ஒன்றாக இருப்பதால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. ஒரே அச்சில் மெல்லத் திருப்பினால் போதும், ஒரு நட்சத்திரத்தைச் சுமார் 9 மணி நேரம் விடாமல் தொடரலாம். கண்ணாடி கிடையாது, நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய எவர்சில்வர் கம்பிகள்தான் அலையைப் பிரதிபலிக்கின்றன. 1970 முதல் இயங்குகிறது. ஊட்டிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ரோஜாத் தோட்டம் பார்த்து, வர்க்கி வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள்.

உங்களுக்கு ஒரு வேலை கொடுத்து அமர்கிறேன். இன்று இரவு மொட்டை மாடியில் ஓர் இடத்தில் சாக்பீஸால் பாதம் வரைந்து நில்லுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மேற்கே ஒரு சுவரின் ஓரத்தில் பிரகாசமான நட்சத்திரம் ஒன்று மறைகிற நேரத்தைப் போனைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். மினுக்காமல் நிலையாக எரிந்தால் அது கோளாக இருக்கலாம், அதை விட்டுவிடுங்கள். நாளை அதே பாதத்தில் நின்று அதே நட்சத்திரத்தைப் பாருங்கள். 4 நிமிடம் முன்னதாக மறைய வேண்டும்; மூன்றாம் நாள் 8 நிமிடம். குறித்த நேரங்களைச் செயலாளரிடம் கொடுங்கள். கணக்கு தப்பினால் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று என்னைக் கேளுங்கள்.